ஏஜென்சி வழியாக வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: கையெழுத்துக்கு முன்

சென்னையில் ஏஜென்சியை அணுகுமுன் அதன் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் தேடுங்கள். உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். சேவைக் கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. வங்கி வழியே கட்டி ரசீது வாங்குங்கள்.

சம்பளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். தகராறு கிளம்புவது தங்கும் வீட்டு விஷயத்தில்தான். ‘தங்குமிடம் உண்டு’ என்ற ஒற்றை வரி போதாது. தனி அறையா, இன்னொருவரோடு பகிர்வதா, கரண்ட் பில் யார் தலையில், கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வாரத்துக்கு எத்தனை பீரியட், விலக எத்தனை நாள் நோட்டீஸ் என எல்லாம் எழுத்தில் வேண்டும். இறங்கியதும் வேறு ஒப்பந்தத்தை நீட்டுவது பழைய வித்தை. இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்சி சொன்னால் விமானம் ஏறாதீர்கள்.

சம்பளம் நின்றால் இந்தியத் தூதரகத்திடமும் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) புகார் தளத்திலும் புகார் கொடுக்கலாம்.