மூன்று மானிட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

"மூணு மானிட்டர் வைக்கப் போறேன், எந்தக் கார்டு வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கேம் மூன்று திரையிலும் விரியப் போகிறதா, நடுத்திரையில் மட்டும் ஓடப் போகிறதா? இதை முடிவு செய்யாமல் கார்டு தேட ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன.

நடுவில் கேம், ஒரு பக்கம் டிஸ்கார்டு, இன்னொரு பக்கம் யூடியூப் என்பதுதான் பெரும்பாலோர் தேவை. இதற்குப் பெரிய கார்டு வேண்டும் என்று பயந்து காசைக் கொட்டுகிறார்கள். வேண்டியதில்லை. ஒரு 1080பி (1920×1080 பிக்சல்) திரையின் முழுப்படம் கார்டின் நினைவகத்தில் பிடிக்கும் இடம் சுமார் 8 எம்பி. 8 ஜிபி கார்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துத் திரையில் திறந்து கிடக்கும் பிரவுசர்தான் அதைவிட அதிகம் தின்னும். கார்டின் நினைவகத்தை, அதாவது விரேமை, விளிம்புவரை நிரப்பி ஓடும் கேம் திணறினால், மானிட்டரைக் கழற்றும் முன் பிரவுசரை மூடிப் பாருங்கள். நடுத்திரைக்கு எந்தக் கார்டு சரியோ, அதுவே போதும்.

கேம் மூன்று திரையிலும் விரியும் என்றால் கதை வேறு. ரேஸிங், விமான சிமுலேட்டர் ஆடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "என் மானிட்டர் 1440பி, இந்தக் கார்டு 1440பி-யில் 120 எஃப்.பி.எஸ் தருகிறது, போதும்" என்று ரிவ்யூவைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் (நொடிக்கு எத்தனை படம் என்பது) ஒரு திரைக்கானது. பிக்சலை எண்ணிப் பாருங்கள். மூன்று 1080பி சேர்ந்தால் 5760×1080, அதாவது சுமார் 62 லட்சம் பிக்சல். ஒரு 4கே திரையில் 83 லட்சம். மூன்று 1440பி சேர்ந்தாலோ 7680×1440, ஒரு கோடியே பத்து லட்சம். 4கே-யைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! அதனால் ரிவ்யூவில் 4கே வரிசையை மட்டும் பாருங்கள். அங்கே 60 வருகிறது என்றால், மூன்று 1440பி-க்கு 45 பக்கம் எதிர்பார்க்கலாம். இதுவும் தோராயக் கணக்குதான். பார்வை அகலும்போது ஓரத்தில் இருக்கும் மரம், கார், கூட்டம் எல்லாம் புதிதாக உள்ளே வரும், ப்ராசஸருக்கும் வேலை கூடும். பழைய ப்ராசஸரோடு புதுக் கார்டைப் பூட்டினால் எண் இன்னும் இறங்கும்.

இதே இடத்தில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மூன்று திரை என்றால் மூன்று மடங்கு விரேம் வேண்டும் என்று நினைப்பது. விரேமில் பெரும் பங்கைப் பிடிப்பது டெக்ஸ்சர்கள், அதாவது கேமில் பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள். அவை திரைக்குத் திரை பெருகுவதில்லை. தேவை கூடும், ஆனால் மூன்று மடங்கு ஆகாது.

அப்புறம் போர்ட். கார்டின் பெயரை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட அதன் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. இன்றைய கார்டுகள் பலவற்றில் மூன்று டிஸ்பிளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ இருக்கும். உங்கள் மானிட்டர்களில் இரண்டு எச்டிஎம்ஐ மட்டும் உள்ளவை என்றால், ஒன்றுக்கு மாற்றுக் கேபிள் (ஒரு முனையில் டிஸ்பிளேபோர்ட், மறுமுனையில் எச்டிஎம்ஐ) வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான் ஒருமுறை ஒரு மாலை முழுவதும் மூன்றாவது திரை கறுப்பாகவே இருக்க, டிரைவரை மூன்று தடவை மாற்றிப் போட்டேன். கார்டில் தவறே இல்லை. நான் செருகியது ஒருவழிக் கேபிள். கார்டில் டிஸ்பிளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் சாதாரண மாற்றுக் கேபிளே வேலை செய்யும். கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்று திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அதற்குத் தனியாக மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். போர்ட் போதவில்லை என்று மதர்போர்டில் செருகுவதும் உண்டு. பக்கத்துத் திரைக்கு அது பரவாயில்லை. ஆனால் அதை இயக்குவது ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ். அந்தத் திரையைச் சேர்த்துக் கேமை விரிக்க முடியாது.

போர்ட் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அதன் வேகத்தையும் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 படத்துக்காகக் கடத்துவது நொடிக்கு 14.4 கிகாபிட், டிஸ்பிளேபோர்ட் 1.4 கடத்துவது சுமார் 25.9 கிகாபிட். 4கே 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டரை எச்டிஎம்ஐ 2.0-இல் செருகினால், நல்ல தரத்தில் 60 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். நான்கு போர்ட் இருப்பதால் எந்த நான்கு மானிட்டரும் ஓடும் என்பதும் இல்லை. என்விடியா நிறுவனம் தன் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்குத் தரும் விவரப்படி 4கே 120 ஹெர்ட்ஸில் நான்கு திரை, 4கே 240 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டுதான்.

பழைய பதிவுகளைப் படித்துவிட்டு இரண்டு கார்டு வாங்க நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று திரையை ஒரே திரையாக்கிக் கேமை விரிக்கும் சரவுண்ட் வசதியை என்விடியா 2010-இல் கொண்டுவந்தபோது இரண்டு கார்டு தேவைப்பட்டது உண்மை. 2012-இல் வந்த ஜிடிஎக்ஸ் 680-இலிருந்து ஒரே கார்டு போதும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இரண்டைச் சேர்க்கும் இணைப்பே கிடையாது.

கார்டோடு மானிட்டரையும் சேர்த்தே யோசியுங்கள். சரவுண்டுக்கு மூன்றும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ரெஃப்ரெஷ் ரேட்டில் (ஹெர்ட்ஸில்) இருக்க வேண்டும். கேமையும் விசாரியுங்கள். ஐரேஸிங், அசெட்டோ கோர்சா போன்றவை ஒவ்வொரு திரைக்கும் அதன் கோணத்தில் தனியாகப் படம் வரையும். அப்படி வரையாத கேம்களில் இரண்டு பக்கத்திலும் காட்சி இழுத்த ரப்பர் மாதிரி நீளும். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அது மாறாது.

கடைசியாக, கேம் எதுவும் ஓடாதபோதும் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று உடனே திருப்பி அனுப்பாதீர்கள். வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட்டில் திரைகள் இருந்தால் சில கார்டுகளின் நினைவகம் வேகத்தைக் குறைக்காமல் முழு ஓட்டத்திலேயே நிற்கும், சூடும் மின்செலவும் ஏறும். 144-ஐயும் 60-ஐயும் கலந்து வைத்திருப்பவர்கள் 144-ஐ 120-க்கு இறக்கிப் பாருங்கள். பல கார்டுகளில் அதிலேயே அடங்கிவிடுகிறது.