சீட் கூரையில் ஆள் ஏற்றும்போது செய்யும் தவறுகள்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒழுகும் ஷெட்டைச் சரி பண்ண ஆள் ஏற்றுவது ஒர்க்‌ஷாப், கோழிப்பண்ணை, தறிக்கூடம் என்று எல்லா இடத்திலும் நடப்பதுதான். "ரெண்டு போல்ட்டு வாஷர் மாத்தணும், அரை மணி நேர வேலை" என்பார்கள். ஏறுகிறவரும் ஓரத்துக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைப்பார். ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நட்டநடுவிலேயே சீட் உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடலாம். 15 அடி உயரம் என்றால் ஒரு நொடிக்குள் தரை, அப்போது வேகம் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். கீழே லேத்தோ தறியோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் பெரிய தவறு போல்ட் வரிசையை நம்புவது. "போல்ட் மேலயே கால வை, கீழ பர்லின் இருக்கு" என்று சொல்லித்தான் புதுப் பையனைக்கூட ஏற்றுகிறார்கள். பர்லின் என்பது சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சில அங்குல அகலம்தான். கையில் ஸ்பேனரோடு, வளைந்து வளைந்து போகும் சீட்டில் நடக்கும்போது கால் ஒரு சாண் தள்ளிப் பட்டால் அவ்வளவுதான். பர்லின்களுக்குக் குறுக்கே நீளப் பலகை போட வேண்டும், அதுவும் இரண்டு. ஒன்றில் நின்றுகொண்டு மற்றொன்றை நகர்த்தத்தான்.

இன்னொன்று, வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட ஃபைபர் சீட். அதுவும் ஆள் பாரம் தாங்காது. சூடு குறையட்டும் என்று கூரை முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டால் மேலே நிற்பவருக்கு எது ஆஸ்பெஸ்டாஸ், எது ஃபைபர் என்றே தெரியாது. ஏறுவதற்கு முன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்து, எந்த வரிசையில் எத்தனையாவது சீட் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெல்ட் போட்டாயிற்றே? இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழுகிறவரைத் தாங்குவதற்கானது அல்ல, உடம்பு முழுக்கப் போடும் ஹார்னஸ்தான் வேண்டும். அதையும் கால் மட்டத்தில் பர்லினில் மாட்டினால் கணக்கு இதுதான்: ஹார்னஸின் கயிறு 6 அடி, விழும் இழுப்பைத் தணிக்க அதில் இருக்கும் ஷாக் அப்சார்பர் பிரிந்து விரிவது இன்னொரு 4 அடி, கயிறு மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 5 அடி. மொத்தம் 15 அடி, ஷெட்டின் உயரமும் அதுதான்! கொக்கி தலைக்கு மேலே இருக்க வேண்டும், அதற்கு வழியில்லை என்றால் பர்லினுக்கு அடியில் வலை கட்ட வேண்டும். பல ரிப்பேர்களை உள்ளேயிருந்து சாரம் கட்டியே முடித்துவிடலாம், ஏனோ யாரும் அதை முதலில் யோசிப்பதில்லை.

ஏணியைப் பற்றித் தெரிந்ததுதான், ஆனாலும் யாரும் செய்வதில்லை: 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடிக்கால் 3 அடி வெளியே, கூரை விளிம்புக்கு மேலே 3 அடி நீண்டிருக்க வேண்டும், உச்சியில் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் கீழே ஒருவரைப் பிடிக்க விட்டால், பத்து நிமிஷத்தில் அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் ஈபி கம்பி போனால் அலுமினிய ஏணியை வண்டியிலிருந்து இறக்கவே கூடாது.

அப்புறம் கூலி. "மொத்தமா ரெண்டாயிரம்" என்று பேசினால் பலகையும் வலையும் அதில் வராது. ஷெட் உரிமையாளர் கொட்டேஷனிலேயே அவற்றைத் தனி வரியாகப் போடச் சொல்லி, அதற்கான பணத்தையும் தனியாகக் கொடுத்துவிடுவது நல்லது.