கழுதை உறைவிந்து: குளூட்டாதயோனைச் சேர்க்க வேண்டிய கட்டம்

குஜராத்தின் ஹலாரி இனக் கழுதை விந்தை உறையவைப்பதில் பல நாள் இழுத்தடித்த சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. உறைவிந்து அடைத்த 0.5 மில்லி ஸ்ட்ராவை (மெல்லிய குழாயை) 37 டிகிரி நீரில் 30 விநாடி வைத்து உருக்கியதும் விந்தணுக்கள் நன்றாகவே ஓடும். அரை மணி கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நின்ற இடத்திலேயே வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். உறையும்போது அணுக்களைக் காக்கச் சேர்க்கும் கிளிசராலைக் குறைத்தோம், குளிர்விக்கும் வேகத்தை மாற்றினோம். பலனில்லை.

ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து அணுக்களைக் காக்கும் குளூட்டாதயோனை, மையவிலக்குக்கு முன் விந்தில் ஊற்றும் முதல் கலவையில் சேர்ப்பதுதான் எங்கள் ஆய்வக வழக்கம். மையவிலக்கில் சுற்றி மேல்நீரை வடிக்கும்போது அதுவும், விந்துத் திரவத்தில் இயல்பாக உள்ள கேட்டலேஸ் போன்ற காப்பு நொதிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன! அப்புறம் அடியில் தங்கிய அணுக்களைக் கலக்கும் உறைகலவையிலேயே குளூட்டாதயோனைச் சேர்த்தோம். அன்றன்று புதிதாகக் கரைப்பது முக்கியம். கரைசலில் வைத்திருந்தால் தானாகவே ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். இப்போது அரை மணிக்குப் பிறகும் பெரும்பாலானவை நேராக ஓடுகின்றன.