பனி இறங்கிய பின் முதிர்ந்த எல்க் கிடாவைத் தேடி வேட்டையாடும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து அமெரிக்காவின் கொலராடோவுக்கும் மொன்டானாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர், உடன் வேலை பார்ப்பவர்கள் நவம்பரில் துப்பாக்கியோடு மலையேறுவதைக் கண்டு, தாமும் போகலாமா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை செய்யப்பட்டிருப்பதால், செட்டிநாட்டில் இதைப் பழகிப் பார்க்க வழியில்லை, பழகவும் கூடாது. அமெரிக்காவிலோ மாநில அரசே மான்களின் தொகையைக் கணித்து, பகுதி வாரியாக உரிமம் வழங்குகிறது. அந்த உரிமத்தோடு, பருவத்தின் கடைசியில் எல்க் என்னும் பெரிய வட அமெரிக்க மானின் முதிர்ந்த கிடா ஒன்றை எடுக்க விரும்புபவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலையை முடிக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே நண்பரின் ரைஃபிளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே உரிமத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்று பெற்றாக வேண்டும். ரைஃபிள் பருவத்தில் உடலின் மேற்பகுதியில் குறைந்தது 500 சதுர அங்குலம் பளீரென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் துணி தெரிய வேண்டும். தொப்பியும் அதே நிறமாக இருக்க வேண்டும். எந்தக் கொம்பு அளவுள்ள கிடாவைச் சுடலாம் என்பது பகுதிக்குப் பகுதி மாறுவதால், அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

இனி மானுக்கு வருவோம். எல்க் மானின் இணைசேரும் பருவம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நீடிக்கிறது. அந்த வாரங்களில் பெரிய கிடா மேய்ச்சலை மறந்து பெட்டைகளைக் காப்பதிலும் பிற கிடாக்களை விரட்டுவதிலும் தன் எடையில் கணிசமான பங்கை இழந்துவிடுகிறது. பனி இறுகுவதற்குள் அதை மீட்காவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. நவம்பரில் அது செய்வது எல்லாம் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கும்: குறைவாக நடந்து, நிறைய மேய்ந்து, மனிதர் வராத இடத்தில் படுத்திருப்பது. கூவி அழைத்தால் வந்து நிற்கும் என்று செப்டம்பர் வேட்டைக்காரர்கள் சொல்வதை இப்போது மறந்துவிடுங்கள். ஊதுகுழலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

பனி முழங்கால் உயரத்தை, அதாவது ஏறத்தாழ 45 செ.மீ. ஆழத்தை எட்டும்போது பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாகத் தாழ்நிலத்துக்கு இறங்கத் தொடங்குகின்றன. கால் நீண்ட, உடல் பெருத்த கிடா அதைவிட ஆழமான பனியிலும் சமாளிப்பதால், தனியாகவோ வேறு இரண்டு மூன்று கிடாக்களோடோ மேலேயே தங்கிவிடுகிறது. புதிதாக வருபவர் பள்ளத்தாக்கில் பெருங்கூட்டத்தைக் கண்டதும் அங்கேயே நாளைக் கழித்துவிடுகிறார். அந்தக் கூட்டத்தில் இளங்கிடாக்கள் இருக்கலாம். நீங்கள் தேடுவது பெரும்பாலும் அதற்குச் சில நூறு மீட்டர் மேலே இருக்கும்.

எங்கே என்பதை வீட்டில் அமர்ந்து வரைபடத்திலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். தெற்கு நோக்கிய சரிவில் வெயிலும் காற்றும் பனியைக் கரைத்து, உதறி, காய்ந்த புல்லை வெளியே காட்டும். அதே முகட்டின் வடக்குப் பக்கம் அடர்ந்த ஊசியிலை மரங்கள் நிற்கும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, செங்குத்துச் சரிவின் நடுவில் வீட்டுத் திண்ணைபோல ஒரு சமதளம் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடா அங்கே படுத்து, கீழிருந்து வருபவரைக் கண்ணாலும் மேலிருந்து வருபவரை மூக்காலும் அறிந்துகொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் தீப்பட்டுப் புல் முளைத்த காடும் நல்ல இடம். சாலையிலிருந்து எத்தனை மைல் என்பதை விட, ஏற எவ்வளவு கடினம் என்பதையே நான் பெரிதாகக் கருதுவேன். ஒரு மைல் தொலைவிலும் யாரும் இறங்க விரும்பாத ஓடைப் பிளவு இருக்கக்கூடும்.

குறித்த இடத்துக்குள் நேராக நுழையாமல், எதிர்முகட்டில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி அமர்ந்து, முக்காலியில் பொருத்திய பத்து மடங்குப் பைனாகுலரால் விடியலிலும் அந்தியிலும் சரிவைப் பட்டை பட்டையாகத் தேடுங்கள். முழு மானைத் தேடினால் கண்ணில் படாது. மரங்களின் நெடுங்கோடுகளுக்கு இடையே ஒரு குறுக்குக்கோடு, வெளிர் மஞ்சள் உடலில் கருத்த கழுத்து, கொம்பு நுனியின் வெள்ளை ஆகியவற்றைத் தேட வேண்டும். கடுங்குளிர் நாளில் கிடா நண்பகலிலும் எழுந்து மேயும் என்பதால் பத்து மணிக்கே மூட்டை கட்டிவிடாதீர்கள். மேய்ச்சலும் மறைவும் பக்கத்திலேயே இருந்து யாரும் கலைக்காமல் இருந்தால், அது அதே சிறு இடத்தில் நாள்கணக்கில் தங்கும்; கலைத்துவிட்டாலோ, மைல்கணக்கில் போய்விடும்.

பனியில் தடம் கண்டால் நின்று படியுங்கள். பத்து செ.மீ.க்கு மேல் நீண்டு, முன்பக்கம் மழுங்கி உருண்ட குளம்புத்தடம் முதிர்ந்த கிடாவுடையதாக இருக்கலாம்; பெட்டையின் தடம் சிறுத்துக் குறுகியிருக்கும். அளவை மட்டும் நம்பாமல் சிறுநீர்க் கறையையும் பாருங்கள். கிடாவின் கறை பின்னங்கால் தடங்களுக்கு முன்னே விழுந்திருக்கும்; பெட்டையுடையது அத்தடங்களின் மேலோ பின்னோ விழும். நெருக்கமான இரு மரங்களுக்கு இடையே புகாமல் தடம் சுற்றிப் போயிருந்தால், போனது அகலக் கொம்புடையது என்று ஊகிக்கலாம்.

நெருங்கும்போது காற்றே எல்லாம். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும், வெயில் ஏறியதும் மேலே எழும், மாலையில் மீண்டும் இறங்கும். வெயில் படாத வடக்குச் சரிவில் நண்பகலிலும் அது இறங்கிக்கொண்டே இருக்கலாம். சிறு குப்பியில் வாசனையற்ற தூளை வைத்து அடிக்கடி தூவிப் பாருங்கள். (திருநீற்றுச் சம்புடத்தை இதற்குத் திறக்க வேண்டாம்.) காற்று மாறினால் அன்று விட்டுவிட்டு மறுநாள் வருவதே நல்லது. நம் ஊர் வெயிலுக்குப் பழகிய பருத்தி உடையை உள்ளே அணியாதீர்கள். வியர்வையில் நனைந்தால் உலராது, உடற்சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளியே ஏற்றது.

சுடும் தொலைவு, பயிற்சிக் களத்தில் கையுறையோடும் மூச்சிரைப்போடும் தவறாமல் அடித்த தொலைவைத் தாண்டக் கூடாது. கிடா பக்கவாட்டில் திரும்பி நிற்கும் வரை காத்திருந்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நுரையீரலைக் குறிவையுங்கள்.

விழுந்தது 300 கிலோவைத் தாண்டிய உடல் என்பதால் உண்மையான உழைப்பு அதன் பிறகே தொடங்குகிறது. சுற்றிலும் உறைபனி இருந்தாலும் தடித்த தோலும் ரோமமும் உள்ளே சூட்டை அடைத்து, எலும்பை ஒட்டிய கறியைக் கெடுத்துவிடும். எனவே தாமதமின்றித் தோலுரித்துத் துண்டாக்கிக் காற்றாட விட வேண்டும். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை விதி சொல்லும்படி கறியோடு விட்டுவையுங்கள். எலும்பு நீக்கிய கறி ஏறத்தாழ 100 கிலோ தேறும். அதைச் சுமக்க இரண்டு நண்பர்களையாவது முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மான்களை மெலியவைத்துக் கொல்லும் சிடபிள்யூடி என்னும் மூளைநோய் அப்பகுதிகளில் உண்டு. தலையை மாநில வனவிலங்குத் துறையிடம் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை கறியை உறைபெட்டியில் வைத்திருங்கள். நோய் இருப்பது தெரிந்தால் உண்ணக் கூடாது. நோயில்லை என்றால், கொழுப்பு மிகக் குறைந்த அந்தக் கறி உப்புக்கண்டத்துக்கு மிகப் பொருத்தமானது. நீள வாராக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பூசி, நூலில் கோத்து மொட்டைமாடியில் காயவைக்கும் நம் முறை கொலராடோக் குளிரில் நடக்காது. அடுப்பில் 71 டிகிரி செல்சியஸ் வரை கறியின் உள்ளே சூடேற்றிய பிறகு, உலர்த்தும் கருவியில் காயவைப்பதே பாதுகாப்பானது. உரிய அனுமதியின்றி அதைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர முயன்றால் சுங்கத்தில் பறிபோகும் என்பதால், அங்கேயே சின்ன வெங்காயத்தோடு வறுத்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.