பழைய ஏவி ரிசீவர தூக்கிப் போடாதீங்க: சேலம் வெயில்லயும் ஏற்காடு ஈரத்துலயும் அத ஓட்டுறது எப்படி

அப்பாவோ மாமாவோ 2000-கள்ல ஆசையா வாங்கி ஹால் ஷோகேஸ்ல வச்ச சோனி, யமஹா, டெனான், ஆன்க்யோ ஏவி ரிசீவர், அதாவது டிவி, பிளேயர் சவுண்ட வாங்கி பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி, இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்ல கிடக்கு. புது டிவி வந்துச்சு, கூடவே சவுண்ட்பார் வந்துச்சு, இது மேல போயிருச்சு. "ஒரு பக்கம் சவுண்டு வரல", "புது டிவிக்கு செட் ஆகாது"ன்னு சொல்லி எடைக்குப் போடுறத பாத்தா எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுது. ஏன்னா அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரும் ஆம்ப்ளிஃபையரும் சீக்கிரம் சாகுற சாமானே இல்ல. முதல்ல மக்கர் பண்றது காண்டாக்ட், பட்டன், கனெக்‌ஷன் மாதிரி சில்லறை விஷயங்கதான், அதுல பாதிய நீங்களே சரி பண்ணிரலாம். எலக்ட்ரானிக்ஸ் ஒண்ணுமே தெரியாதவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், வரிசையா செஞ்சிட்டு வாங்க.

ஸ்டெப் 1: பிளக்ல சொருகுறதுக்கு முன்னாடி

பின்பக்கம் கரண்ட் வயர் உள்ள போற இடத்துக்குப் பக்கத்துல எத்தனை வோல்ட்னு போட்டிருக்கும். 230-ன்னோ 220-240-ன்னோ இருந்தா பிரச்சனையே இல்ல. 120-ன்னு இருந்தா அமெரிக்கால இருந்து யாரோ கொண்டு வந்தது, 100-ன்னு இருந்தா ஜப்பான் பீஸ், இந்த ரெண்டையும் நம்ம வீட்டு லைன்ல நேரா சொருகுனீங்கன்னா அந்த நிமிஷமே கதை முடிஞ்சிரும். அதுக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், ரிசீவர் பின்னாடி போட்டிருக்கிற வாட்ஸ விட தாராளமா அதிகமா தாங்குறதா பாத்து வாங்குங்க.

அடுத்து மேல இருக்கிற காத்து ஓட்டைங்க வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. பல்லி! நம்ம ஊர்ல பரண்ல இருக்கிற எந்த எலக்ட்ரானிக் சாமானுக்கும் முதல் எதிரி இதுதான். சூடா இருக்குதேன்னு உள்ள போய் படுத்து, பவர் போர்டு மேல ரெண்டு முனையத் தொட்டுச்சுன்னா அதுவும் போச்சு போர்டும் போச்சு. உள்ள பல்லி, கரப்பான் கூடு, எலி கொறிச்ச வயர் ஏதாவது தெரிஞ்சா பிளக் போடாம நேரா மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க. வெறும் தூசின்னா பெயிண்ட் அடிக்கிற மெல்லிசு பிரஷ்ஷும் கம்ப்யூட்டருக்கு ஊதுற பிளோயரும் போதும், வெளியில இருந்தே ஊதுங்க. மேல் மூடிய நீங்க கழட்ட வேண்டாம், பிளக்க புடுங்குன பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல கரண்ட் தேங்கி நிக்கும், புதுசா பழகுறவங்க கை வைக்கிற இடமே இல்ல அது.

ஸ்டெப் 2: ஸ்பீக்கர் இல்லாம முதல் ஆன்

ஸ்பீக்கர் எதையும் மாட்டாம, வால்யூம முழுசா குறைச்சு வச்சு ஆன் பண்ணுங்க. சில செகண்ட் கழிச்சு உள்ள இருந்து "டொக்"னு ஒரு சத்தம் கேக்கணும். அதுதான் ரிலே, ஸ்பீக்கருக்குப் போற வழிய தானா மூடித் திறக்கிற ஒரு குட்டி ஸ்விட்ச். ஆம்ப்ளிஃபையர் நல்லா இருக்கான்னு ரிசீவரே செக் பண்ணி, சரின்னு தெரிஞ்சப்புறம்தான் ஸ்பீக்கருக்கு வழி விடுது. டொக் வந்துச்சுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு. டொக் வராம டிஸ்ப்ளேல "புரொடெக்ட்"னு (கோளாறு பாத்து தன்னையே நிறுத்திக்கிச்சுன்னு அர்த்தம்) வந்தாலோ, ஆன் ஆகி உடனே ஆஃப் ஆனாலோ, கருகுன வாசம் வந்தாலோ உடனே பிளக்க எடுத்துருங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க.

மல்டிமீட்டர் இருக்கிறவங்க இன்னொண்ணும் பாக்கலாம். கொஞ்ச நேரம் ஓட விட்டு, வால்யூம் பூஜ்யத்துல வச்சு, மீட்டர டிசி மில்லிவோல்ட்டுக்குத் திருப்பி ஒவ்வொரு ஸ்பீக்கர் டெர்மினல்லயும் சிவப்பு, கருப்பு ரெண்டுக்கும் நடுவுல அளங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லா இருக்கு. 100-ஐத் தாண்டுனா ஸ்பீக்கர் மாட்டாம மெக்கானிக்க பாருங்க, ஏன்னா அந்த டிசி ஸ்பீக்கர் காயில சூடாக்கிக்கிட்டே இருக்கும். அளக்கும்போது ரெண்டு ப்ரோபும் ஒண்ணோட ஒண்ணு உரசாம பாத்துக்கோங்க.

ஸ்டெப் 3: ஸ்பீக்கர் வயர்

ஸ்பீக்கர் கேபிள்னு தனியா காசு கொட்ட வேண்டாம், எலக்ட்ரிக்கல் கடைல 1.5 ஸ்கொயர் எம்எம் ரெட்டை ஃப்ளெக்ஸிபிள் வயர் கேட்டு வாங்குங்க, காப்பர்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. முனைய ஒரு சென்டிமீட்டர் மட்டும் சீவி, இழைங்கள நல்லா முறுக்கி சொருகுங்க. இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. ஒரே ஒரு மெல்லிசு இழை பிதுங்கி பக்கத்து டெர்மினல தொட்டாலும் ஷார்ட்தான், ரிசீவர் உடனே புரொடெக்ட் மோடுக்குப் போயிரும், நீங்க ரிசீவரே போயிருச்சுன்னு நினைச்சுக்குவீங்க. சொருகி முடிச்சப்புறம் டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஓட்டையா பாருங்க.

ஸ்பீக்கர் பின்னாடி எத்தனை ஓம்னு போட்டிருக்கும். ரிசீவர் 6-ல இருந்து 16 ஓம் வரைக்கும்னு சொல்லுச்சுன்னா 4 ஓம் ஸ்பீக்கர மாட்டாதீங்க. சத்தம் வரும், ஆனா வழக்கத்த விட அதிக கரண்ட் இழுக்கும், பெட்டி கொதிக்கும்.

பழைய ஸ்பீக்கர்ல ப்ளஸ் எது மைனஸ் எதுன்னு அழிஞ்சு போயிருந்தா, ரிசீவர்ல இருந்து வயர கழட்டிட்டு ஒரு சாதா பென்சில் பேட்டரிய வயர் முனைல ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்க. ஸ்பீக்கர் முன்னாடி அதிர்ற கூம்பு (கோன்) வெளிய தள்ளுச்சுன்னா பேட்டரியோட ப்ளஸ் தொட்ட வயர்தான் ப்ளஸ், உள்ள இழுத்துச்சுன்னா தலைகீழ். ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணு மாறிப் போச்சுன்னா பேஸ் காணாமப் போயிரும், தவில் சத்தமெல்லாம் வத்திப் போய் கேக்கும்.

ஸ்டெப் 4: புது டிவியோட சேக்குறது

"ஹெச்டிஎம்ஐ போட்டா டிவி கருப்பா இருக்கு, ரிசீவர் வேஸ்ட்"னு நிறைய பேர் இங்கயே விட்டுடுறாங்க. படத்த ரிசீவர் வழியா அனுப்பணும்னு எந்த அவசியமும் இல்லீங்க. செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் எல்லாத்தையும் நேரா டிவில மாட்டுங்க, டிவில இருந்து சவுண்ட மட்டும் ஆப்டிகல் கேபிள்ல, அதாவது சவுண்ட வெளிச்சமா கடத்துற வயர்ல, ரிசீவருக்கு இழுங்க. டிவி சவுண்ட ஹெச்டிஎம்ஐ வழியாவே திருப்பி அனுப்புற ஏஆர்சி வசதி 2009-ல ஹெச்டிஎம்ஐ 1.4-ஓடதான் வந்துச்சு, அதுக்கு முந்தின ரிசீவர்ல அது இருக்காது. ஆனா ஆப்டிகல் 1983-ல தோஷிபா கொண்டு வந்தது, 2000-க்கு அப்புறம் வந்த ரிசீவர்ல பெரும்பாலும் இருக்கும்.

ஆப்டிகல் கேபிளோட ரெண்டு முனையிலயும் கண்ணாடி மாதிரி சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அத கழட்டுங்க, அதோட அழுத்துனா துளைதான் உடையும். டிவி ஆன்ல இருக்கும்போது மறுமுனைல சிவப்பு வெளிச்சம் தெரியணும். ரிசீவர்ல எந்த ஓட்டைல சொருகுனீங்களோ அந்தப் பேர்ல இன்புட்ட வைங்க. அப்பவும் சத்தம் வரலன்னா டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்ட பிசிஎம்னு (சுருக்காத சாதா ஸ்டீரியோ சவுண்டு) மாத்துங்க, ரெண்டு ஸ்பீக்கர் வச்சிருக்கிறவங்களுக்கு அதுவே போதும். 5.1, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேந்து பாடணும்னா டால்பி டிஜிட்டல்னு வைங்க. ஓடிடி அனுப்புற டால்பி டிஜிட்டல் ப்ளஸ் பழைய ரிசீவருக்குப் புரியாது, டிவிதான் அத சாதா டால்பி டிஜிட்டலா மாத்திக் குடுக்கணும்.

மொபைல்ல பாட்டு கேக்க ஒரு சின்ன புளூடூத் ரிசீவர் வாங்கி சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயர்ல சிடின்னோ ஆக்ஸ்னோ போட்ட இடத்துல மாட்டுங்க. ஃபோனோன்னு போட்டிருக்கிற இடத்துல மட்டும் மாட்டாதீங்க, அது ரெக்கார்டு பிளேயருக்கானது, வேற எத மாட்டுனாலும் கரகரன்னு கத்தும்.

ஸ்டெப் 5: ஒரு பக்கம் சவுண்டு வந்து வந்து போகுதா?

பழைய ரிசீவர எடைக்கு அனுப்புறதுல பாதிக்குக் காரணம் இந்த ஒரு வியாதிதான்னு நான் நினைக்கிறேன். வால்யூம் கம்மியா இருந்தா லெஃப்ட் வராது, கொஞ்சம் ஏத்துனா படக்குன்னு வரும், குறைச்சா திரும்பப் போகும்.

முதல்ல லெஃப்ட், ரைட் ஸ்பீக்கர் வயர ரிசீவர் பக்கத்துல மாத்திப் போடுங்க, மாத்தும்போது ஆஃப் பண்ணிக்கோங்க. கோளாறு அடுத்த ஸ்பீக்கருக்குப் போச்சுன்னா ரிசீவர்தான், அதே ஸ்பீக்கர்ல நின்னா வயரோ ஸ்பீக்கரோ. ரிசீவர்னு தெரிஞ்சா, முன்னாடி ஸ்பீக்கர் ஏ, பின்னு பட்டன் இருக்கும், ஏ-வ நாலஞ்சு தடவ ஆஃப் ஆன் பண்ணுங்க. டொக் டொக்னு ரிலே அடிக்கும். அதுக்கப்புறம் சத்தம் திரும்பி வந்துச்சுன்னா முக்கால்வாசி ரிலேதான் குற்றவாளி.

சேலம் செவ்வாய்ப்பேட்டைல எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு. இந்த மாதிரி ஒரு ரிசீவர்ல இருந்து ரிலேவ கழட்டி மூடியப் பிரிச்சு என் கைல குடுத்து, "தம்பி, நகத்தால சுரண்டாம சும்மா பாருங்க"ன்னாரு. தீக்குச்சித் தலை அளவு ரெண்டு பொட்டு, ரெண்டும் கன்னங்கரேல்னு இருந்துச்சு. "இது வெள்ளி கலந்தது. நம்ம தெருல கொலுசு கறுத்துப் போகுதுல்ல, அதே வேலைதான் உள்ள நடந்திருக்கு"ன்னு சொன்னாரு. காத்துல இருக்கிற கந்தகம் வெள்ளி மேல படிஞ்சு கருப்பு உருவாகுது. சன்னமான சிக்னல் அந்தக் கருப்பத் தாண்டிப் போகாது, வால்யூம் ஏத்துனா இடிச்சுக்கிட்டு போயிரும், அதனாலதான் சத்தம் வெச்சா மட்டும் வேலை செய்யுது. புது ரிலே விலை கம்மி, போர்ட கழட்டி மாட்டுற கூலிதான் கொஞ்சம். அத மாத்துன ரிசீவர் அப்புறம் பழையபடி பாடுறத கேட்டா, இதுக்காகவா இத எடைக்குப் போட இருந்தாங்கன்னு இருக்கும்.

ரிலே இல்லன்னா அடுத்த சந்தேகம் குமிழுங்க மேல. பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் இதெல்லாம் திருகும்போது கரகரன்னா, பிளக்க எடுத்துட்டு இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் இருவது முப்பது தடவ திருகுங்க, உள்ள படிஞ்சது கொஞ்சம் உதிரும். அதுலயும் போகலன்னா மெக்கானிக்கிட்ட காண்டாக்ட் கிளீனர் அடிக்கச் சொல்லுங்க. துருவுக்கு அடிக்கிற சாதா ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அது எண்ணெய் மாதிரி தங்கி தூசியப் புடிச்சு வச்சுக்கும்.

ம்ம்ம்னு ஹம் வருதா? இன்புட் வயர் எல்லாத்தையும், கேபிள் டிவி வயரையும் சேத்து, புடுங்கிட்டுக் கேளுங்க. நின்னுச்சுன்னா ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டே வாங்க, எது மாட்டும்போது வருதோ அதுதான். எல்லாம் புடுங்கியும், வால்யூம் பூஜ்யத்துலயும் ஒரே அளவுல வந்தா பவர் சப்ளை கெப்பாசிட்டர் வயசாயிருச்சு, அது மெக்கானிக் வேலை. இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் உறுமுதுன்னா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருக்கும், கரண்ட் வர்ற வரைக்கும் ரிசீவர ஆஃப்ல வைங்க.

ஸ்டெப் 6: கீழ வெயில், மேல ஈரம்

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு, 10 டிகிரி சூடு கூடுனா ஆயுசு ஏறக்குறைய பாதியாயிரும். கத்திரி வெயில்ல சேலத்துல அம்மாப்பேட்டை, குகை பக்கம் மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம் எப்படி தகிக்கும்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு மேல ரிசீவரோட சொந்த சூடு வேற. அதனால ஷோகேஸ்ல கண்ணாடிக் கதவுக்குள்ள அடைக்காதீங்க, மேல ஒரு சாண் இடமாவது விடுங்க, செட்டாப் பாக்ஸ் வைக்கிறது, பூப்போட்ட துணி போத்துறது ரெண்டும் கூடாது. ஓடாதப்ப வேணும்னா துணி போட்டுக்கோங்க, பல்லிக்கும் தூசிக்கும் நல்லது.

ஏற்காட்டுல கதை வேற. 1500 மீட்டர் உயரத்துல சூடு ஒரு பிரச்சனையே இல்ல, பனிமூட்டம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போகும். அங்க எஸ்டேட் வீட்டுல மாசக்கணக்கா ஆன் பண்ணாம விட்ட ரிசீவர்தான் சீக்கிரம் கெடும், பின்னாடி இருக்கிற ஆர்சிஏ ஜாக் எல்லாம் பச்சை பூத்துப் போகும். வாரத்துக்கு ஒரு நாளாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்க, அந்தச் சூடே ஈரத்த விரட்டிரும். ஜாக்குங்கள ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால பிளக் எடுத்துட்டு துடைங்க. மேல இருந்து சேலத்துக்கு இறக்கிட்டு வந்தீங்கன்னா இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குன கையோட ஆன் பண்ணாதீங்க, குளிர்ந்த பெட்டில வெக்கைக் காத்து பட்டா உள்ள தண்ணி கோர்க்கும், ராத்திரி பூரா அப்படியே வச்சிருந்து காலைல போடுங்க.

ஏப்ரல் மே கோடை மழை இடி மின்னலுக்கு ஸ்விட்ச் ஆஃப் பண்றது பத்தாது, பிளக்க புடுங்கணும், கேபிள் வயரையும் ஆண்டெனாவையும் சேத்து.

ஆண்டெனான்னதும் எஃப்எம். பின்னாடி டி வடிவத்துல ஒரு வயர் குடுத்திருப்பாங்க, தொலைஞ்சிருந்தா ரெட்டை வயர்ல ரெண்டு கையும் 75 சென்டிமீட்டர் வர்ற மாதிரி பிரிச்சு சுவத்துல ஒட்டிக்கலாம். கோடைக்கானல் 100.5, தர்மபுரி 102.5 ரெண்டையும் தேடிப் பாருங்க. பழைய ரிசீவரோட ட்யூனர் மொபைல் எஃப்எம்ம விட எவ்வளவோ மேல்.

மெக்கானிக்கிட்ட கொண்டு போகும்போது

"சவுண்டு வரல"ன்னு மொட்டையா சொல்லாதீங்க. எந்தப் பக்கம், எந்த இன்புட்ல, சூடான பிறகா, வயர் மாத்திப் பாத்தப்ப என்ன ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ரிசீவர் மேல ஒட்டிக் குடுங்க, அவருக்குப் பாதி வேலை மிச்சம். மாத்துன பழைய பார்ட்ஸ கேட்டு வாங்கிக்கோங்க. ரிலே, கெப்பாசிட்டர், சாலிடரிங் வேலைன்னா தைரியமா செலவு பண்ணலாம். ஹெச்டிஎம்ஐ போர்டு மட்டும் போச்சுன்னா அத விட்டுட்டு ஆப்டிகல்ல ஓட்டுங்க. மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரே எரிஞ்சு போச்சு, மாத்து கிடைக்கலன்னு அவர் சொன்னா மட்டும் அங்கேயே நிறுத்திக்கலாம், அப்பவும் ஸ்பீக்கர் ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருங்க.