அடுத்தவரை எடைபோடும்போது எங்கே சறுக்குகிறோம்? யூத மரபு காட்டும் சில தவறுகள்

மூன்று வருடக் கூலி பாக்கி. நாளை யோம் கிப்பூர், யூதர்களின் பாவப் பரிகார நாள். மனைவி மக்களைப் பார்க்க மேல் கலிலேயாவுக்குப் போகவேண்டிய ஒரு வேலையாள், தெற்கே தன் முதலாளியிடம் கூலியைக் கேட்கிறார். காசு இல்லை என்கிறார் முதலாளி. சரி, தானியமாவது? இல்லை. நிலம்? ஆடு மாடு? மெத்தை, தலையணை? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மனம் நொந்து வீடு போய்ச் சேர்கிறார் அந்த மனிதர்.

யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய நூலான தால்மூத்தில் வரும் கதை இது. பண்டிகை முடிந்ததும் முதலாளியே கூலியோடும், மூன்று கழுதைகள் சுமக்கும் உணவு, பானம், இனிப்புகளோடும் வந்து, “இல்லை என்றபோது என்னைப் பற்றி என்ன நினைத்தாய்?” என்று கேட்கிறார். மலிவாகச் சரக்கு கிடைத்துப் பணத்தை அதில் போட்டிருப்பீர்கள். கால்நடையை வாடகைக்கும் நிலத்தைக் குத்தகைக்கும் விட்டிருப்பீர்கள். தானியத்தில் இன்னும் தசமபாகம் (காணிக்கையாகத் தரும் பத்தில் ஒரு பங்கு) பிரித்திருக்க மாட்டீர்கள் என்று அடுக்குகிறார் வேலையாள். மெத்தை தலையணை? சொத்து முழுவதையும் கடவுளுக்கு நேர்ந்துவிட்டிருப்பீர்கள்! நடந்ததும் அதுதான். யூத வேதமான தோராவைப் படிக்காத மகன்மேல் இருந்த கோபத்தில் நேர்ந்துவிட்டாராம். அப்புறம் சக அறிஞர்கள் அந்த நேர்ச்சையிலிருந்து அவரை விடுவித்திருக்கிறார்கள்.

நம் தவறு, முதலில் தோன்றும் காரணத்தோடு யோசிப்பதை நிறுத்திவிடுவது. ‘எவரையும் நன்மையின் தட்டில் வைத்து எடைபோடு’ என்பது பழங்கால அறிஞர் யோசுவா பென் பெராகியா சொன்னதாக, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் உள்ள வாக்கு. அதற்காக வேலையாள் கூலியைக் கேட்காமல் இருக்கவில்லை, வருந்தாமலும் இல்லை. நல்லெண்ணம் என்றால் வாய்மூடிக்கொள்வது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே கிடையாது.

இந்த வாக்கைக் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொள்வதும் தவறுதான். பழக்கமில்லாதவர் என்றால் அவர் செயலுக்கு நல்ல அர்த்தம் கொடு. தீயவர் என்று பெயர் எடுத்தவரிடம் எச்சரிக்கையாகவே இரு என்று 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு விளக்கம் எழுதினார்.

தப்பாக நினைத்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு சத்தமில்லாமல் நழுவுவது இன்னொன்று. வேதாகமத்தில் ஒரு காட்சி: சீலோ என்ற வழிபாட்டுத் தலத்தில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருந்த அன்னாளைக் குடிவெறி என்று நினைத்து அதட்டினார் ஆசாரியர் ஏலி. உண்மை தெரிந்ததும், கேட்டது கிடைக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். அநியாயமாகச் சந்தேகப்பட்டவர் சமாதானம் சொன்னால் போதாது, ஆசீர்வதிக்கவும் வேண்டும் என்று தால்மூத் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

நம் சொந்தக் குறைக்கு நாமே தீர்ப்பு எழுதுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. தோரா சொல்லும் தோல் படைகளைப் பார்த்துத் தீட்டா இல்லையா என்று அறிவிக்கும் உரிமை ஆசாரியருக்கே உண்டு. ஆனால் எல்லோருடைய படையையும் பார்க்கலாம், தன்னுடையதைத் தவிர என்கிறது மிஷ்னா. எத்தனை தேர்ந்தவரானாலும் இன்னொருவரிடம்தான் காட்டவேண்டும்.

காட்டினால் மட்டும் அவர் சொல்வதைக் கேட்கிறோமா? ‘கண்ணில் துரும்பு, எடு’ என்றால் ‘உன் கண்ணில் உத்திரம் இருக்கிறது, முதலில் அதை எடு’ என்று பதில் வருகிறது. இந்தத் தலைமுறையில் கண்டிப்பை ஏற்பவர் யாராவது உண்டா என்று அந்தக் காலத்திலேயே அலுத்துக்கொண்டார் மிஷ்னா கால யூத அறிஞர் ரபி தர்போன்.