பரணில் இருக்கும் ஜார்ஜியைப் பேத்திக்குப் படித்துக் காட்டும் விதம்

அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. சம்பளம் வாங்கிய அன்று சென்னை சென்ட்ரல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அப்படி ஒரு தடவை பழைய புத்தகக் கடையிலிருந்து எனக்காக எடுத்து வந்ததுதான் ‘ஜார்ஜி’ என்ற ஆங்கிலப் படக்கதைப் புத்தகம். ராபர்ட் பிரைட் என்பவர் எழுதி, படங்களையும் அவரே வரைந்து, 1944இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அப்பா வாங்கிய அந்த மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. புத்தகம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. நாலு வயதுப் பேத்திக்கு இப்போது அதைத்தான் படித்துக் காட்டுகிறேன்.

கதை சின்னது. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துப் பக்கம் ஒரு சிறு வீடு. அதில் விட்டேக்கர் என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர்கள் வீட்டுப் பரணில் ஜார்ஜி என்ற குட்டிப் பேய். தினமும் ராத்திரி குறித்த நேரத்தில் அது மாடிப்படியைக் கிறீச்சிட வைக்கும், கூடத்துக் கதவை முனக வைக்கும். அதைக் கேட்டுத்தான் அவர்கள் படுக்கப் போவார்கள். ஹெர்மன் என்ற பூனை ராச்சுற்றுக்குக் கிளம்பும். ஆலிவர் மிஸ் என்ற ஆந்தை கண் விழிக்கும். ஒரு நாள் விட்டேக்கர் படிப்பலகையில் ஆணி அடித்துக் கதவுக் கீலுக்கு எண்ணெயும் போட்டுவிடுகிறார். சத்தம் நின்றுபோகிறது. ஜார்ஜிக்கு அங்கே வேலை இல்லை. வேறு இடம் தேடிப் போகிறது.

பேரனுக்கு இதை முதலில் படித்தபோது நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். ராத்திரி விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு, “ஒரு பேய்க் கதை சொல்லட்டுமா?” என்று ஆரம்பித்தேன். பிள்ளை ஒரு வாரம் சமையல்கட்டுப் பரணை நிமிர்ந்தே பார்க்கவில்லை. தமிழில் பேய் என்ற சொல் தனியாக வருவதில்லை. புளியமரம், உச்சிவெயில், தலைவிரிகோலம், வேப்பிலை அடி எல்லாம் கூடவே வந்துவிடும். குழந்தை எங்கேயாவது அதில் ஒன்றையாவது கேட்டிருக்கும்.

அப்பா எனக்குச் சொன்ன விதம் வேறு. “பரண்ல ஜார்ஜின்னு ஒருத்தன் இருந்தான்” என்றுதான் தொடங்குவார். பேரை முதலில் கொடுத்துவிடுவார். நாலைந்து பக்கம் போன பிறகு நானே, “அவன் யாருப்பா?” என்று கேட்பேன். “பேய்க்குட்டி” என்பார். நாய்க்குட்டி, பூனைக்குட்டி, கன்றுக்குட்டி என்ற வரிசையில் அதுவும் சேர்ந்துகொண்டது. எனக்குப் பயம் வந்ததாக ஞாபகமே இல்லை. பேத்திக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். அட்டிக் என்று அவர்கள் சொல்வதற்குப் பரண் அழகாகப் பொருந்துகிறது, அதை விடாதீர்கள்.

முதல் தடவை பகலில் படியுங்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல் திறந்திருக்க, குழந்தை மடியிலோ பக்கத்திலோ இருக்கட்டும். “பயப்படாதே” என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். நம் வீடுகளில் படிகள் சிமெண்ட். மரப்படி எப்படிக் கிறீச்சிடும் என்று இந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. வீட்டில் ஊஞ்சல் இருந்தால் ஊஞ்சல் கொக்கியைக் கேட்க வையுங்கள். பழைய மரக்கட்டில் இருந்தால் அதன் மேல் ஏறி உட்காரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் படுக்கையறைக் கதவு இருக்கிறது. பேத்தியின் விரலைக் கீழ்க்கீல் மேல் வைக்கச் சொல்லி, இன்னொரு கையால் கதவை மெதுவாக அசைக்க வைத்தேன். சத்தம் வரும்போது விரலில் ஒரு நடுக்கம் தெரியும். “பாட்டி, இது உள்ள பேசுது” என்றாள். ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதில் ஆணி தளரும், பலகை ஆணியில் உரசும், அதுதான் படியின் சத்தம் என்று அதன் பிறகு சொன்னேன். இரும்புக் கீல் துருப்பிடித்தால் அதற்கும் அதே கதிதான். கதையின் முடிவு முழுக்க இந்த விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. அதனால் இதை முதலிலேயே கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி, சத்தங்களைக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள். படிக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. படி அடித்தொண்டையில் “கிர்ர்ரக்”. கதவு மெல்லிசாக, இழுத்து, “க்ரீஈஈச்”. நீங்கள் வாக்கியத்தைப் படித்து நிறுத்த வேண்டும், சத்தம் குழந்தை வாயிலிருந்து வர வேண்டும். சத்தம் போடுவதே தான்தான் என்று ஆனபின் ஜார்ஜியிடம் குழந்தைக்கு என்ன பயம்? ஆந்தைக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஆந்தை அலறினால் ஆகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். மிஸ் ஆலிவர் என்பதை நான் ஆலிவர் மிஸ் என்று திருப்பிப் போட்டேன். பேத்தி அவளைத் தன் எல்கேஜி டீச்சர் மாதிரி ஒருத்தி என்று எடுத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை.

ஆணி அடிக்கும் பக்கம்தான் இந்தப் புத்தகத்தின் உயிர். அங்கே அவசரப்படக் கூடாது. ஆணி அடிக்கும் சத்தத்தை விரல் முட்டியால் தரையில் தட்டிக் காட்டுங்கள், மூன்று தட்டு போதும். அடுத்த ராத்திரி வரும்போது, வழக்கமாகச் சத்தம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். குழந்தை “கிர்ர்ரக்” என்று தொடங்கும். தலையை மட்டும் ஆட்டுங்கள், இல்லை என்று. கதவுக்கும் அப்படியே. எங்கள் வீட்டில் அப்போது பேத்தி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தாள், பிறகு பக்கத்தைப் பார்த்தாள். “அப்போ எப்ப தூங்குவாங்க?” என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினேன். அப்பாவும் அந்த இடத்தில் எனக்கு எதுவும் விளக்க மாட்டார். அந்த மௌனம் இல்லையென்றால் ஜார்ஜி ஏன் வீட்டை விட்டுப் போகிறான் என்பது குழந்தைக்குப் புரியாது.

மாட்டுக் கொட்டிலில் போய்த் தங்கும் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். “மாடு இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்கும் குழந்தைகள் உண்டு. கொட்டிலில் குளிர் என்று சொன்னால் போதும். குளிரிலும் ஈரத்திலும் பலகை மறுபடி தளர்ந்து, கீல் துருப்பிடித்து, ஆந்தை வந்து தகவல் சொல்லி, ஜார்ஜி வீடு திரும்பும் இடத்தில் சத்தம் போடும் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள். எவ்வளவு உரக்கப் போட்டாலும் தடுக்காதீர்கள்.

பழைய பிரதி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அது பழுத்துப் பிசுபிசுத்துத் தாளையும் சேர்த்துக் கெடுக்கும். மெல்லிய டிஷ்யூ தாளும் மைதாப் பசையும் நல்லது. ராமபாணப் பூச்சி இருட்டுக்கும் ஈரத்துக்கும் வரும். அதனால் பீரோவில் பூட்டி வைப்பதைவிட வாரம் ஒரு முறை படிப்பதே மேல். பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பிரைட் இறந்தது 1988இல். நம் சட்டப்படி அதிலிருந்து 60 வருஷம் பதிப்புரிமை இருக்கிறது. நான் அனுப்புவதில்லை, வீட்டுக்கு வரச் சொல்கிறேன். வரும் பிள்ளைகளுக்கும் முதலில் கதவுக் கீலைத்தான் காட்டுகிறேன்.

படித்து முடித்ததும் கதை எப்படி இருந்தது, என்ன புரிந்தது என்றெல்லாம் கேட்க வேண்டாம். நாலைந்து பகல் படித்த பிறகு ராத்திரிக்கு மாற்றலாம். நான் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவை மெதுவாகச் சாத்துவேன். கீலுக்கு எண்ணெய் போட வந்த மாப்பிள்ளையிடம் இந்தக் கதவை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அது க்ரீச்சென்றதும் பேத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.